புல் குடித்த கிணறு

கொக்குவிலில் மகன் ஆசையாய் வளர்த்த முற்றத்துப் புல்லை இன்று மருமகள் கொத்தி எடுத்தாள். கிணற்றிலிருந்து அதுக்கு இறைக்கிற பம்புக்கு மண்ணெண்ணெய் இல்லை. இனிக் கற்றாழையும் சரளைக்கல்லும்தானாம். ஈரவேர் மணந்ததும் நான் பிறந்து வளர்ந்த இணுவில் வீடு கண்முன் வந்தது.

அங்கே ஐயாவும் வெள்ளைக்காரத் துரைமார் வீட்டு முற்றத்தைப் பார்த்து ஆசைப்பட்டுப் புல் வைத்தவர். அது வாடாமலிருக்க அண்ணை கிணற்றுத் துலாவில் ஏறி மிதிப்பார், ஐயா இறைப்பார்.

"இஞ்சாருங்கோ, தண்ணி கரிக்குது. இறைச்சது காணும், நிப்பாட்டுங்கோ," என்றார் அம்மா.

"உன்ரை நாக்கிலைதான் உப்பு," என்று ஐயா சிரித்தார்.

அந்தக் கோடையிலேயே கிணறு உவராகியது. எத்தனை மாரி பெய்தும் திருந்தவில்லை. குடிதண்ணீருக்கு அயலார் படலை வாசலில் குடத்தோடு நின்றோம்.

"மாமி, பருப்பு வேகுதில்லை. பச்சை விறகு போலை," என்று குசினிக்குள் போன மருமகள் கூப்பிட்டாள்.

எழுந்துபோய்ப் பார்த்தேன். விறகில் பிழையில்லை. உவர்த் தண்ணீரில்தான் பருப்பு இப்படிக் கிடக்கும்.