டெல்பாவுக்குக் கண் போகவில்லை

டெல்பா ரிட்டன்ஹவுஸுக்குக் கண் போய்விட்டதால்தான் ஆலையை விட்டுப் போனாள் என்று எங்கள் ஊரில் இன்னும் சிலர் சொல்லித் திரிகிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவளுக்குக் கண் போகவில்லை. போனது வேறு. அதற்குக் காரணம் நெவா என்கிற நான்தான்.

1966. கலர் டிவி கேட்டு நாடே வரிசையில் நின்ற வருஷம். இந்தியானாவில் எங்கள் டிவி ஆலை இரண்டு ஷிப்ட் ஓடியும் போதவில்லை. டெல்பாவுக்கு அப்போது நாற்பத்தொன்பது வயது. நெட்டையான, ஒல்லியான பெண்பிள்ளை. புருஷன் ஆர்வல், சுண்ணாம்புக்கல் குவாரியில் தூசியைத் தின்றே நெஞ்சைக் கெடுத்துக்கொண்டவன்; நாலடி நடந்தால் மூச்சு வாங்கும். வீடு அவள் சம்பளத்தில்தான் ஓடியது. கலர் வந்தபோது நிறம் சரிபார்க்கும் பதினான்காம் இடத்தில் அவளைத்தான் நிறுத்தினார்கள். அடுத்த பதினைந்தில் பின்மூடி மாட்டுகிறவள் நான்.

கலர் படம் என்பது ஒரு படம் அல்ல, ஒன்றன்மேல் ஒன்றாக விழும் மூன்று படம். டிவிப் படக்குழாயின் கழுத்தில் மூன்று துப்பாக்கிகள் இருக்கும்: சிவப்புக்கு ஒன்று, பச்சைக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று. அவை சுடுவது நிறத்தை அல்ல, எலக்ட்ரானை. கண்ணாடியின் உள்பக்கம் மூன்று விதப் பொடியில் லட்சக்கணக்கில் புள்ளி வைத்திருக்கும். அதற்கு முன்னால் லட்சக்கணக்கான ஓட்டை போட்ட மெல்லிய தகடு. ஒவ்வொரு துப்பாக்கியும் அந்த ஓட்டை வழியாகத் தன் புள்ளியை மட்டும்தான் அடிக்க வேண்டும். மயிரிழை பிசகினால் கல்யாணப் பெண்ணின் கன்னம் பச்சையாகிவிடும்.

டெல்பா பெட்டிக்குப் பின்னால் நிற்பாள். பச்சையையும் நீலத்தையும் அணைத்துவிட்டு, திரை முழுக்க ஒரே சிவப்பாக வரும்வரை கழுத்திலுள்ள வளையங்களைத் திருகுவாள். திரை மறுபக்கம் இருப்பதால் எதிரே ஒரு கண்ணாடி மாட்டியிருந்தது. நாள் முழுக்க அவள் அதைப் பார்த்துத்தான் வேலை செய்தாள்.

இரும்பு பக்கத்தில் வந்தாலே நிறம் கலங்கும். பூமியின் காந்தம்கூட ஆகாது என்று எல்லாப் பெட்டியையும் கிழக்குப் பார்த்தே நிறுத்துவோம். வாசலில் ஒரு பிஸ்கட் டப்பா இருக்கும். கைக்கடிகாரம், சாவி, கொண்டை ஊசி எல்லாம் அதற்குள் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். இதில் டெல்பா பொல்லாதவள். ஒருமுறை மேஸ்திரி ஹார்லனின் பெல்ட்டையே கழற்ற வைத்துவிட்டாள். அன்று முழுக்க அவன் பேண்ட்டைப் பிடித்துக்கொண்டே நடந்தான்.

சரிபார்க்கும் முன் பெட்டியில் ஒட்டிய காந்தத்தை எடுக்க வேண்டும். அதற்கு வண்டிச் சக்கரம் அளவில் ஒரு கம்பிச் சுருள். அதைத் திரைமேல் சுற்றிக் காட்டி, அப்படியே ஆறடி பின்னால் நடந்து, அதன் பிறகுதான் சுவிட்சை அணைக்க வேண்டும். பக்கத்தில் வைத்து அணைத்தால் அருகிலுள்ள இரும்பு காந்தமாகிவிடும்.

ஜனவரியில் வீட்டுப் படியில் பனி உறைந்து கிடந்ததில் டெல்பா வழுக்கி விழுந்தாள். டாக்டர் இடுப்புக்கு ஒரு பட்டை கொடுத்தார். தடித்த துணி, உள்ளே நாலு எஃகுப் பட்டி. ஆலைக்குத் தெரிந்தால் தொலைந்தது. முதுகு போனவர்களை 'குணமாகும்வரை விடுப்பு' என்று சீட்டுக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். திரும்பக் கூப்பிட்ட ஒரு ஆளை நான் பார்த்ததில்லை. அதனால் தினமும் காலையில் கழிவறையில் நான்தான் அவள் உடுப்புக்குள் பட்டையை இழுத்துக் கட்டுவேன். கட்டிவிட்டு இருவரும் ஒழுங்காக வாசலுக்குப் போய் டப்பாவில் கொண்டை ஊசியைப் போடுவோம். இடுப்பில் நாலு இரும்பு, டப்பாவில் கொண்டை ஊசி! எங்கள் இரண்டு மண்டைக்கும் அது உறைக்கவே இல்லை.

பிப்ரவரியில் பதினான்காம் நம்பர் முத்திரையோடு பெட்டிகள் திரும்பி வந்தன. ஓரத்தில் ஊதா, முகத்தில் பச்சை. ஹார்லன் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னான். கெட்டவன் அல்ல அவன்.

"டெல்பா, வயசானா கண்ணு மங்கறது சகஜம். திங்கக்கிழமைலேர்ந்து குமிழ் மாட்டற மேசைக்குப் போயிடுங்க. உக்காந்து செய்யற வேலைதான்."

அன்று மதியம் அவள் சாப்பிடவில்லை. கரண்டியில் ஜெல்லோ என்கிற பழக்கூழை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

"நெவா, இது சிவப்பா, ஆரஞ்சா?"

"சிவப்பு. ஏன்டி இப்படிக் கேக்கற?"

"எனக்கும் சிவப்பாத்தான் தெரியுது. ஆனா என்னை நானே நம்ப முடியல."



வியாழக்கிழமை நான் மூடியோடு காத்துக்கொண்டிருந்தேன். கண்ணாடியில் திரை முழுக்கச் சுத்தமான சிவப்பு. டெல்பா வலி தாங்காமல் இரண்டடி பின்னால் நகர்ந்தாள். திரையின் ஓரம் ஊதாவானது. திரும்பக் கிட்டே வந்தாள். சிவப்பானது. அவள் கிட்டே நிற்கும்வரைதான் நிறம் சரி; கோளாறு கண்ணில் இல்லை, அவள் மேல் இருக்கிற எதிலோ இருக்கிறது. இடைவேளையில் அவளைக் கழிவறைக்கு இழுத்துப் போய்ப் பட்டையை அவிழ்த்து, டப்பாவிலிருந்து எடுத்து வந்த கொண்டை ஊசியைக் கிட்டே காட்டினேன். ஊசி துள்ளிப் போய் ஒட்டிக்கொண்டது.

"சுருளை எங்க வச்சு அணைக்கற?"

"ஆறடி தூக்கிட்டு நடக்க முடியலடி. இடுப்போட அணைச்சுப் பிடிச்சு அங்கேயே..." பாதியில் நிறுத்தினாள். பிறகு சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். "கண்ணு போகலடி! என் கண்ணு போகல!"

"வா, ஹார்லன்கிட்ட சொல்லலாம்."

அவள் என் கையைப் பிடித்தாள். "சொன்னா பட்டையையும் சொல்லணும். முதுகுன்னா வீட்டுக்கு அனுப்பிடுவான். கண்ணுன்னா உக்கார இடம் தர்றான். கண்ணு போச்சுன்னே இருக்கட்டும். நீ வாய மூடிக்கிட்டு இரு, நெவா. சத்தியம் பண்ணு."

பண்ணினேன்.

வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டு அறையில் நாற்பது பேர் இருந்தோம். பெட்டிகளைக் கடைசியாகச் சோதிக்கும் குர்டிஸ் வாய்த்துடுக்கு பிடித்தவன். சாஸ் பாட்டிலையும் கடுகு பாட்டிலையும் அவள் முன்னால் வைத்தான். "எது எதுன்னு சொல்லு பாட்டி, பார்க்கலாம். தப்பா ஊத்திக்கப் போற!"

எல்லாரும் சிரித்தார்கள். டெல்பாவும் சிரித்தாள். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. குனிந்து கொடுத்தே பழக வேண்டும் என்று அவள் முடிவு செய்துவிட்டது அதில் தெரிந்தது.

எழுந்து நின்று கத்தினேன். "உங்க எல்லார் கண்ணையும் சேத்தாலும் அவ கண்ணுக்கு ஈடாகாதுடா! இடுப்புல இரும்புப் பட்டை கட்டிருக்கா, அது காந்தமாயிருச்சு! முதுகு ஒடிஞ்சும் நின்னு வேலை செஞ்சா, தெரியுமா?"

சொல்லி முடித்துத் திரும்பினால், ஹார்லன் வாசலில் காப்பிக் கோப்பையோடு நின்றிருந்தான்.

சாயங்காலம் தன் அறையில் டெல்பாவுக்கு விடுப்புச் சீட்டு எழுதும்போது அவன் என் பக்கமே திரும்பவில்லை. "என்கிட்ட மட்டும் சொல்லிருந்தா காதுல விழாத மாதிரி இருந்திருப்பேன். நாப்பது பேர் கேட்டுட்டாங்களே, நெவா."

டெல்பா டப்பாவிலிருந்து தன் கொண்டை ஊசிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தாள். "என் கண்ணைக் காப்பாத்திட்ட," என்றாள். "அத வச்சு நான் இப்ப என்ன பண்ணட்டும்?"

திட்டியிருந்தால் தேவலை. திங்கட்கிழமை பதினான்காம் இடத்தில் என்னை நிறுத்தினார்கள். ஒரு பெட்டி போய் அடுத்தது வரும்வரை எதிர்க் கண்ணாடியில் என் மூஞ்சிதான் தெரியும். அதைப் பார்க்கப் பிடிக்காமல் தலையைக் குனிந்துகொள்வேன்.

அவளை யாரும் திரும்பக் கூப்பிடவில்லை. பெட்டிகள் திரும்பி வந்த கதைதான் ஊருக்குள் பரவியது; நான் கத்தினது ஆலையோடு நின்றுவிட்டது. அடுத்தவர் வீட்டுத் துணிகளை இஸ்திரி போட்டாள், அந்த முதுகோடு. மூன்று வருஷத்தில் ஆர்வல் செத்துப்போனான். நான் போனால் காப்பி கொடுப்பாள்; அந்தப் பேச்சை மட்டும் எடுக்க மாட்டாள்.

1981இல் ஊர் மதுக்கடையில் பெரிய புரொஜெக்ஷன் டிவி வாங்கி வைத்தார்கள்; நானும் டெல்பாவும் பார்க்கப் போனோம். அதில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் தனித்தனிக் குழாய், தனித்தனி லென்ஸ். மூன்றும் தூரத்துத் திரையில் போய் ஒன்றாகச் சேர வேண்டும். சேரவில்லை. கூடைப்பந்து ஆடிய ஒவ்வொருவன் தோளிலும் ஒரு சிவப்பு ஆளும் ஒரு நீல ஆளும் தொற்றிக்கொண்டிருந்தார்கள். குடித்த மயக்கத்தில் யாருக்கும் அது உறுத்தவில்லை. டெல்பா கண்ணைச் சுருக்கினாள். "நெவா, என்னால குனிய முடியாது. நீ போய்த் திருகு, நான் சொல்றேன்."

மண்டி போட்டேன். "நீலம் இடப்பக்கம். இன்னும். நிறுத்து. சிவப்பு துளி கீழ." மூன்றே நிமிஷம். ஆட்டக்காரர்கள் ஒற்றை ஆளாக ஓடினார்கள். கடை முழுக்கக் கை தட்டியது.

பின்மேசையில் ஒருவன் கேட்டான்: "கண்ணு போச்சுன்னு ஆலையிலேர்ந்து அனுப்பினாங்களே, அந்தம்மா தானே இது?"

என் வாய் தானாகத் திறந்தது. டெல்பா என் மணிக்கட்டில் கை வைத்தாள். நான் மூடிக்கொண்டேன், சத்தியம் பண்ணிப் பதினைந்து வருஷம் கழித்து.