சாக்பீஸ் தனபாலன்

எங்கள் சாந்தோம் ஃபிளாட்டுக்குக் கரப்பான் மருந்தடிக்க வருகிற தனபாலனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எழுதுவது. அடித்த மருந்தின் பெயரையும் தேதியையும் அந்தந்த வீட்டிலேயே எங்காவது சாக்பீஸால் எழுதிவிட்டுத்தான் ஆதம்பாக்கத்துக்கு வண்டியைக் கிளப்புவார். தொழிலுக்கு வந்த புதிதில், லேபிள் இல்லாத பாட்டிலைக் கொடுத்து அனுப்பினார்களாம். ஒருநாள் மருந்து மேலே கொட்டி மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரியில் டாக்டர் “என்ன மருந்து?” என்று கேட்டபோது, கூடப் போன ஒருத்தருக்கும் தெரியவில்லை. பிழைத்து எழுந்ததும் பிடித்த சாக்பீஸை இன்னும் விடவில்லை.

கீழ்வீட்டு கிளாடிஸ் டீச்சருக்கு இது அறவே பிடிக்காது. ரிட்டயர் ஆகியும் கரும்பலகை துடைத்த கை சும்மா இருக்குமா? தனபாலன் எழுதி முடிப்பதற்குள் ஈரத்துணியோடு வந்து நிற்பார். “என் வீட்டுச் சுவர் என்ன உன் நோட்டுப் புக்கா?” என்று போன வருஷம் அவர் போட்ட சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்த்தது. அதற்குப் பிறகு தனபாலன் அங்கே எழுதுவதை நிறுத்திவிட்டதாகத்தான் நினைத்தோம்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, அவர் மருந்தடித்துப் போன கொஞ்ச நேரத்தில் டீச்சரின் பூனை பிஸ்கோத்துக்கு எச்சில் ஒழுகி, உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. டீச்சருக்கு வேறு யாரும் இல்லை, பிஸ்கோத்துதான் எல்லாம். அதை மடியில் போட்டுக்கொண்டு அவர் அழுதபடி ஆட்டோ ஏறியதைப் பார்த்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ‘தனபாலன் பூனையைக் கொன்றுவிட்டான், இனி உள்ளே விடாதீர்கள்’ என்று ஃபிளாட் வாட்ஸ்அப்பில் போட்ட மகானுபாவன் நான்தான், மேல்வீட்டு சுவாமிநாதன். பூனை அப்போது உயிரோடுதான் இருந்தது.

மந்தைவெளி கிளினிக்கிலிருந்து டீச்சரின் போன் வந்தது.

“சார், என்ன மருந்துன்னு டாக்டர் ஹம்சினி கேக்கறாங்க. பூச்சி மருந்துல ரெண்டு வகை இருக்காம், ரெண்டுக்கும் இதே நடுக்கம் வருமாம், ஆனா வைத்தியம் வேறயாம். தனபாலன் போனை எடுக்கல. எங்கயாவது எழுதியிருக்காரான்னு பாருங்க சார்!”

“நீங்கதான் அழிச்சுடுவேளே?”

மறுமுனையில் அழுகை மட்டும் கேட்டது. எனக்கு வாயில் வசம்பைத்தான் தேய்க்க வேண்டும்.

டீச்சர் பதற்றத்தில் பூட்டாமல் போயிருந்த வீட்டுக்குள் புகுந்து சுவரெல்லாம் தேடினேன். கடைசியில் சிங்க்குக்குக் கீழே இருந்த அலமாரியைத் திறந்தேன். முட்டிவலிக்கார டீச்சர் குனிந்தே பார்க்காத இடம். கதவின் உட்புறம் ஒரு வருஷத்துத் தேதிகள் ஒன்றுவிடாமல் வரிசையாக இருந்தன. கடைசி வரி: ‘சைபர்மெத்ரின். தரை காயும் வரை பூனை வேண்டாம்.’ உடனே படமெடுத்து அனுப்பினேன்.

நான் கிளினிக் போய்ச் சேர்ந்தபோது, பிஸ்கோத்தை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்து, நடுக்கத்துக்கு ஊசி போட்டு, டிரிப்ஸ் ஏற்றியிருந்தார்கள். “மருந்துப் பேர் தெரிஞ்சதால நேரம் வீணாகல” என்றார் டாக்டர்.

நந்தனத்தில் முகமூடியோடு வேலையில் இருந்த தனபாலன், போனைப் பார்த்துவிட்டுப் பாட்டிலும் கையுமாக ஓடிவந்தார்.

“இன்னா மேடம், காயற வரிக்கும் உள்ள வுடாதீங்கன்னு சொல்ட்டுத்தானே போனேன்?”

“சொன்னப்பா. கதவப் பிராண்டிக்கிட்டே இருந்துச்சு, மனசு கேக்கல. தப்பு என்னோடது.”

அத்தனை பேர் முன்னால் டீச்சர் அதைச் சொன்னார். வாட்ஸ்அப்பில் மன்னிப்புக் கேட்க எனக்கு மறுநாள்வரை ஆயிற்று.

மூன்றாம் நாள் பிஸ்கோத்து வீடு திரும்பி, ஒரு தட்டு மீனைக் காலி செய்துவிட்டு எங்களையெல்லாம் அலட்சியமாகப் பார்த்தது. எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. டீச்சர் தனபாலனை வரவழைத்து, ஒரு பெட்டி சாக்பீஸைக் கையில் கொடுத்து வாசல் கதவைக் காட்டினார்.

“இங்க எழுது. பெருசா எழுது.”

“பெயிண்ட் கெட்டுப்பூடும் மேடம்.”

“கெடட்டும்பா.”

கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்குப் பெயிண்ட் அடித்தார்கள். வாசல் கதவில் அந்த எழுத்து இருக்கிற இடத்தை மட்டும் விட்டுவிடச் சொல்லி, பெயிண்டர் முடிக்கும்வரை டீச்சர் பக்கத்திலேயே நின்றார்.