அறுநூறு படங்களின் முதல் பத்து நிமிடம்

"எந்த அமெரிக்கப் படத்தாலயும் என்னைப் பத்து நிமிஷத்துக்கு மேல உட்கார வைக்க முடியாது!"

2006 பிப்ரவரியில், தென்கொரியாவின் சோல் நகரப் போராட்டப் பந்தலில் மொட்டை போட்டுக்கொள்வதற்கு முன்னால், குன்சான் ஊர்க்காரர் தாக் யோங்பே ஒலிபெருக்கியில் முழங்கியது இது. சினிமாவைக் காக்க முடியைத் துறந்த அந்த மாவீரருக்குக் கூட்டம் கைதட்டியது. அவர் மனைவி ஒக்சுன் மட்டும் கம்பளிக் குல்லாயை எடுத்து அவர் தலையில் மாட்டிவிட்டாள்.

அவர் சொன்னது சத்தியம். சட்டப்படி தியேட்டர்கள் வருடத்தில் நூற்று நாற்பத்தாறு நாள் கொரியப் படம் ஓட்டியாக வேண்டும். அமெரிக்காவோடு வர்த்தகப் பேச்சுக்காக மாட்டிறைச்சியையும் காரையும் சினிமாவையும் ஒரே மேஜையில் பரப்பிய அரசாங்கம், ஜூலை முதல் அதில் பாதி போதும் என்று சொல்லிவிட்டது. இருக்கிற நாட்களிலேயே சிலர் வாசலில் கொரியப் போஸ்டரை ஒட்டிவிட்டு, உள்ளே வேறு படம் ஓட்டுவார்கள். அதைப் பிடித்து சினிமா பாதுகாப்புச் சங்கத்துக்கு எழுதிப்போடுவதுதான் தாக்கின் தொண்டு. டிக்கெட் வாங்குவார், பத்து நிமிடம் பார்ப்பார், எழுந்துவிடுவார். இப்படி அறுநூறு அமெரிக்கப் படங்களின் தொடக்கத்தைக் கரைத்துக் குடித்தவருக்கு ஒன்றின் முடிவும் தெரியாது.

ஏப்ரலில் ஒரு நாள் ஒக்சுனும் கூட வந்தாள்.

"தாஹ்யே அப்பா," என்று மகள் பெயரைச் சொல்லி அழைத்தாள். "கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷமாச்சு. ஒரு படமாவது சேர்ந்து முழுசா பார்த்திருக்கோமா?"

"இது கடமை. பொழுதுபோக்கு இல்ல."

"கடமை எந்திரிச்சுப் போகட்டும். நீங்க உட்காருங்க."

போஸ்டரில் கொரியக் காதல் ஜோடி. திரையிலோ, தொலைந்துபோன கோவேறு கழுதையைத் தேடி அலையும் ஓர் அமெரிக்கக் கிழவன். தாக் குறித்துக்கொண்டார். பத்தாவது நிமிடம் எழுந்தார். ஒக்சுன் தீனிப் பொட்டலத்தைப் பிரித்தாள். வாட்டிய கணவாயைக் கிழித்து, பாதியை அவர் இருக்கையின் கைப்பிடியில் வைத்தாள். எப்போதும் தனியாகவே படம் பார்த்துப் பழகிய முகம் அவளுக்கு.

அவர் உட்கார்ந்தார்.

"ஏம்மா, கழுதை கிடைச்சிடுமா?"

"பேசாம பாருங்க. பின்னாடி இருக்கறவங்க திட்டுவாங்க."

கொஞ்ச நேரத்தில் அவர் குல்லாயைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். ஒக்சுன் திரையை விட்டுப் பார்வையைத் திருப்பவில்லை. கையை மட்டும் நகர்த்தி அவர் கைமேல் வைத்தாள்.

மறுநாள் சங்கத்தின் சோல் அலுவலகத்துக்கு அவருடைய புகார் போனது. போஸ்டரில் ஒரு படம், திரையில் வேறு படம், நாள், காட்சி நேரம், எல்லாம் கறாராக இருந்தன. அடியில் சின்ன எழுத்தில் இன்னொரு வரி:

'கடைசியில் கழுதை தானாகவே வீடு வந்து சேர்ந்துவிடுகிறது.'