யாரும் உள்நுழையாத கணினிகள்

அந்த வாக்கியம் திரையில் வந்தபோது ஆய்வகத்தில் ஒரு நாற்காலிகூடக் காலியாக இல்லை. ஆறாம் செமஸ்டர் செய்முறைத் தேர்வு நடந்துகொண்டிருந்தது. வழக்கம்போல நெட் கேபிளைப் பிடுங்கிவிட்டிருந்தார்கள். என் பக்கத்துக் கணினியில் விடுதியில் என் அறையில் இருப்பவள், தம்மம்பட்டிக்காரி. ஒரு கோப்புறையில் பழைய கோப்புகளை மட்டும் தேடி எடுத்து ஒரே பொட்டலமாகக் கட்ட வேண்டும் என்பது அவளுக்கு வந்த கேள்வி. எந்தக் கட்டளை என்று அவளுக்குத் தெரியும். கட்டளைக்குப் பின்னால் போடவேண்டிய குட்டி எழுத்துகள்தான் பதற்றத்தில் மறந்துவிட்டன. அதற்கு ஒரு வழி இருந்தது. கேள்வித்தாளின் அடியிலேயே அச்சடித்திருந்தார்கள்: கணினியில் உள்ள உதவிப் பக்கங்களைப் பார்த்துக்கொள்ளலாம்.

யூனிக்ஸ் வகைக் கணினிகளில் ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு கையேட்டுப் பக்கம் உண்டு. ‘மேன்’ என்று தட்டி, பக்கத்தில் கட்டளையின் பெயரைத் தட்டினால் திறக்கும். அதற்கு நெட் தேவையில்லை. அவளும் தட்டினாள். பக்கம் திறக்கவில்லை. பதிலுக்கு ஆங்கிலத்தில் ஒரு அறிவிப்பு வந்தது. இது சுருக்கப்பட்ட கணினி, பயனர்கள் உள்நுழையாத கணினிக்குத் தேவைப்படாதவை நீக்கப்பட்டிருக்கின்றன என்பது அதன் சாரம்.

பயனர்கள் உள்நுழையாத கணினியாம்! ஹால் டிக்கெட்டை மேசையில் வைத்து, அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டி, வேர்வை வழிய உட்கார்ந்திருக்கிறோமே, நாங்கள் யார்? அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பேசக்கூடாது. கண்ணில் தண்ணீர் நின்றது. கையேட்டை நாமே இதற்குள் வைத்துவிட்டால் என்ன என்று அந்த நிமிடத்தில்தான் எனக்குத் தோன்றியது. தோன்றியது என்பது மரியாதையான சொல். கோபத்தில் பல்லைக் கடித்தபோது கூடவே வந்த எண்ணம் அது.

அவள் அந்தத் தாளில் தேறவில்லை.

கடைசி ஆண்டு தொடங்கியதும் கோயம்புத்தூர்க் கம்பெனி ஒன்று வளாகத்துக்கு வந்து அவளை எடுத்துக்கொண்டது. அரியர் இல்லாமல் படிப்பை முடிக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை. அவளுக்கு இருந்த ஒரே அரியர் இந்தச் செய்முறைத் தாள். நவம்பரில் மறுபடி எழுதலாம். அதிலும் போனால் வேலையும் போகும். ஊரில் அவள் அப்பா மரவள்ளிக் காட்டில் நின்றுகொண்டே அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் சொல்லி முடித்துவிட்டார்.

முதலில் முறையாகத்தான் போனேன். ஆய்வகப் பொறுப்பில் இருந்த சாரிடம் கேட்டேன்.

“மேன் பேஜா? அதெல்லாம் யாரும்மா இப்பப் படிக்கறாங்க? கூகுள்ல போட்டா வந்துருது.”

“எக்ஸாம்ல நெட்டைப் புடுங்கிடறீங்களே சார்.”

“அப்ப மனப்பாடம் பண்ணு. எங்க காலத்துல நாங்க பண்ணலையா?”

“பார்க்கலாம்னு கொஸ்டின் பேப்பர்லயே போட்டிருக்குங்க சார்.”

“இருந்தா பார்க்கலாம்னு அர்த்தம்.”

இருந்தால் பார்க்கலாமாம். கேண்டீனில் ‘சாப்பாடு ரெடி’ என்று பலகை மாட்டிவிட்டு அடுப்பைக் கழற்றி எடுத்துப் போனதுபோல இருக்கிறது. வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து கத்தினேன். “ஏன்டி, அவருக்குக் கேட்கப் போகுது. என் அரியருக்கு நீ சஸ்பெண்ட் ஆயிடாத” என்று தம்மம்பட்டிக்காரி என் வாயைப் பொத்தினாள்.

ஆய்வகத்தைத் திறந்து மூடி, கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் உதவியாளரை எல்லோரும் லேப் அண்ணா என்றுதான் கூப்பிடுவோம். திருச்செங்கோட்டுக்காரர். அவரிடம் போனோம். புதிதாக எதையும் நெட்டில் இறக்கக்கூடாது என்று தடை இருக்கிறது என்றார். மூல நிரலைப் பென் டிரைவில் கொண்டுவந்து, அதை ஓடக்கூடிய மென்பொருளாக இங்கேயே கட்டிக்கொள்கிறோம் என்றேன்.

“கட்டறதுன்னா எத்தன நேரம் ஆகும் சாமி?”

“டீ குடிச்சுட்டு வர்ற நேரங்கண்ணா.”

“அப்ப நான் டீ குடிக்கப் போறேன். பாஸ்வேர்டு போடறப்ப மட்டும் கூப்புடு. நான் போடறத நீ பாக்காத, நீ பண்றத நான் பாக்கல.”

கையேட்டுப் பக்கங்களைக் காட்டும் மென்பொருள்களில் சிறியதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்திருந்தேன். அதைக் கட்டும் முன் அமைப்புகளை எழுத ஒரு கோப்பு உண்டு. நிரல் எந்த இடத்தில் போய் உட்கார வேண்டும், பக்கங்களை எங்கே தேட வேண்டும், ஏற்கெனவே ‘மேன்’ என்ற பெயரில் வேறொன்று இருந்தால் இதற்கு என்ன பெயர், ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் எந்தக் கணினியின் பெயரைக் காட்ட வேண்டும் என்பதையெல்லாம் வரிவரியாக நாமே சொல்லலாம். சொல்லாமல் விட்டால் அது தானே ஒன்றை வைத்துக்கொள்ளும். எனக்கு இது பிடித்திருந்தது. இந்தக் கல்லூரியில் முதல்முறையாக ஒரு பொருள் என்னிடம் ‘உனக்கு எப்படி வேண்டும்’ என்று கேட்டது. பக்கத்தின் அடியில் தம்மம்பட்டி என்று போடச் சொன்னாள் அவள். போட்டோம்.

நிறுவும் இடத்தை மட்டும் அது வைத்திருந்தபடியே விட்டேன். உலகமே அங்கேதான் வைக்கிறது, நாம் ஏன் மாற்ற வேண்டும் என்ற எண்ணம்.

ஆங்கிலப் பக்கங்கள் பென் டிரைவிலேயே இருந்தன. அதோடு முக்கியமான சில கட்டளைகளுக்குத் தமிழில் சின்னதாக நாங்களே எழுதினோம். விடுதியில் அவள் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். “தேடு, எங்கே தேடு, எதைத் தேடு, கிடைச்சா என்ன செய்யி. அவ்வளவுதானேடி? இதை எதுக்கு இத்தனை பக்கத்துக்கு இழுத்திருக்கான்?” என்று திட்டிக்கொண்டே சொன்னாள்.

ஆய்வகத்தில் அதைத் திறந்தால் திரை முழுக்கக் கேள்விக்குறி. ஓர் எழுத்துகூடத் தமிழில் இல்லை. காரணத்தைத் தேடிப் பார்த்தால் இன்னொரு கோபம் காத்திருந்தது. கட்டும்போது அந்த மென்பொருள், ஆங்கிலமல்லாத எழுத்துகளைக் காட்டக் கணினியில் ஏற்பாடு இருக்கிறதா என்று ஒரு சோதனை செய்கிறது. அதற்காக அது தேடுவது அமெரிக்க ஆங்கிலத்துக்கான அமைப்பை. தமிழைக் காட்ட அமெரிக்க ஆங்கிலம் இருக்கிறதா என்று பார்க்கிறது! எங்கள் சுருக்கப்பட்ட கணினியில் அதையும் சுருக்கியிருந்தார்கள். இல்லை என்று தெரிந்ததும் யாரிடமும் கேட்காமல் எல்லா மொழிக்கும் கதவைச் சாத்திவிட்டது. நாடு மொழி எதையும் சேராத பொது அமைப்பு ஒன்று அந்தக் கணினியிலேயே இருந்தது. அதன் பெயரைக் கோப்பில் ஒரு வரியாக எழுதி மறுபடி கட்டினேன். தமிழ் வந்தது. ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்தோடு ஒட்டாமல் தள்ளித் தள்ளி நின்றன.

“கொம்பெல்லாம் தனியா மேயுதுடி” என்றாள்.

“மேஞ்சா மேயட்டும் புள்ள. படிக்க முடியுதா?”

“முடியுது” என்றாள். கீழே தம்மம்பட்டி என்று இருந்ததையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வகுப்பு இல்லாத வேளைகளிலெல்லாம் உட்கார்ந்து ஒவ்வொரு கணினியிலும் கட்டினோம். தேர்வன்று காலையில் சீட்டுக் குலுக்கிப் போட்டுத்தான் யாருக்கு எந்தக் கணினி என்று தருவார்கள். அதனால் ஒன்றைக்கூட விட முடியாது. புரட்டாசி முடிவதற்குள் ஆய்வகம் முழுக்க வேலை முடிந்தது. இரண்டாமாண்டுப் பிள்ளைகள்கூடப் பக்கங்களைத் திறந்து பார்க்க ஆரம்பித்திருந்தார்கள்.

பிறகு ஆயுத பூஜை வந்தது.

எங்கள் வட்டாரத்தில் ஆயுத பூஜை என்றால் சின்ன விஷயமில்லை. ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் லாரிகளைக் கழுவி, வாழைமரம் கட்டி, சக்கரத்துக்கெல்லாம் பொட்டு வைத்து, ரோடு நெடுக வரிசையாக நிறுத்தியிருப்பார்கள். அன்றைக்கு இயந்திரங்களுக்கு ஓய்வு. கல்லூரியிலும் அப்படித்தான். லேப் அண்ணா ஒவ்வொரு கணினியையும் அணைத்து, ஈரத்துணியால் துடைத்து, பெட்டிக்கும் திரைக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தார். நானும் கூட நின்று வைத்தேன். சார் கற்பூரம் காட்டினார். எல்லோரும் பொரியும் சுண்டலும் தின்றோம். பூஜை போட்ட பொருளை அன்று தொடக்கூடாது என்பதால் பூட்டிவிட்டுப் போனோம்.

நாங்கள் கட்ட ஆரம்பித்ததிலிருந்து அதுவரை அந்தக் கணினிகளை யாரும் அணைக்கவே இல்லை. பழைய பெட்டிகள். மறுபடி ஏற வெகுநேரம் எடுக்கும் என்று மாலையில் திரையை மட்டும் அணைத்துவிட்டுப் போவதுதான் வழக்கம். கரண்ட் போனாலும் யூ.பி.எஸ் தாங்கிக்கொள்ளும்.

விடுமுறை முடிந்து வந்து போட்டோம். குங்குமப் பொட்டுக்குக் கீழே அதே அறிவிப்பு: பயனர்கள் உள்நுழையாத கணினி. ஒவ்வொரு பெட்டியாக ஓடி ஓடிப் பார்த்தேன். நாங்கள் வைத்தது எதிலும் இல்லை. மென்பொருளும் இல்லை, பக்கங்களும் இல்லை, தம்மம்பட்டியும் இல்லை.

“ஏனுங்கண்ணா, யாராச்சும் அழிச்சாங்களா?”

“பூட்டுன ஊட்டுக்குள்ள யாரு சாமி வருவா?” என்று லேப் அண்ணா தலையைச் சொறிந்தார்.

விஷயம் சாரிடமிருந்துதான் தெரிந்தது. சில ஆண்டுகளுக்கு முன் வைரஸ் பயத்தில் எல்லாக் கணினிகளையும் அவர் உறைய வைத்திருக்கிறார். அணைத்துப் போட்டால், உறைய வைத்த நாளில் இருந்ததுபோலவே எல்லாம் திரும்பிவிடும். மாணவர்கள் ரெக்கார்டு வேலையைச் சேமிக்கும் பகுதி மட்டும் தப்பிக்கும். அவருக்கே இது மறந்துவிட்டது. லேப் அண்ணா பிறகு வேலைக்கு வந்தவர், அவருக்கு யாரும் சொல்லவில்லை. ஒரு துறை முழுக்கக் கணினி சொல்லிக்கொடுக்கிறது. தன் கணினிக்கு என்ன செய்து வைத்திருக்கிறோம் என்பது அதில் ஒருவருக்கும் தெரியவில்லை.

அவர் சிரித்துக்கொண்டே, “சரஸ்வதி பூஜை போட்டதுல வேண்டாததெல்லாம் போயிருச்சும்மா” என்றார்.

எனக்குக் காது சுட்டது. “வேண்டாததுன்னா எதுங்க சார்? கையேடா, நாங்களா?” என்று கேட்டேன். குரல் வெளியே வராந்தாவரை போயிருக்கும். தேர்வுக்கு அந்த ரெக்கார்டுப் பகுதியைப் பூட்டிவிடுவார்கள், அதில் போட்டுப் பயனில்லை. உறைவை எடுக்கும் பாஸ்வேர்டு அவர் ஒருவரிடம் மட்டும்தான் இருக்கிறது. கேள்வித்தாளை எடுத்து அவர் மேசையில் விரித்தேன். “ஒண்ணு இந்த வரியை அடிச்சுடுங்க, இல்ல பக்கத்தை வைக்க விடுங்க. இந்த வரியை நம்பித்தாங்க சார் இவ போன தடவை போனா.”

தம்மம்பட்டிக்காரி பின்னாலிருந்து என் துப்பட்டாவை இழுத்துக்கொண்டே இருந்தாள்.

அவர் அந்த வரியை வெகுநேரம் பார்த்தார். கையெழுத்து அவருடையது, அடியிலேயே இருக்கிறது. “தேர்வுக்கு முந்தின சனிக்கிழமை, மத்தியானம் ஒரு மணி நேரம் எடுத்துவிடறேன். அப்புறம் பூட்டிருவேன். இங்கிலீஷ் பக்கம் மட்டும். நீங்க எழுதுனதெல்லாம் எக்ஸாம் சிஸ்டத்துல இருந்தா பிட்டு வெச்ச மாதிரி ஆயிரும்” என்றார்.

தமிழில் இருந்தால் பிட்டாம். அதையே ஆங்கிலத்தில் எவனோ எழுதியிருந்தால் கையேடு. இதைச் சொல்ல வாயைத் திறந்தேன். அவள் முந்திக்கொண்டாள். “சரிங்க சார், தேங்க்ஸ்ங்க சார்.”

வெளியே வந்ததும் அவளிடம் சண்டை போட்டேன். “ஏன் புள்ள ஒத்துக்கிட்ட? நீ சொல்லித்தானே எழுதினோம்?”

“உனக்குக் கோபம். எனக்கு வேலைடி. எங்கப்பா ஊரெல்லாம் சொல்லிட்டாரு. நீ முதல்ல என்னைப் பாஸ் பண்ண வை, அப்புறமா தமிழுக்குச் சண்டை போடு. நானே வந்து கூட நிக்கறேன்.”

கோபம் மட்டும் அப்படியே இருக்கிறது, இப்போதும்.

ஒரு மணி நேரத்தில் ஒவ்வொரு கணினியாகக் கட்டிக்கொண்டிருக்க முடியாது. உறைவை எடுக்க ஒவ்வொன்றையும் ஒருமுறை அணைத்துப் போட வேண்டும், அதற்கே பாதி டீ ஆறிவிடும். அதனால் அமைப்புக் கோப்பை மறுபடி எடுத்து, போனமுறை பார்க்காமல் தாண்டிப் போன வரிகளை இந்த வாரம் ஒவ்வொன்றாகப் படித்தேன். நிறுவும்போது கணினியில் நேரே வைக்காமல், ஒரு வெற்றுக் கோப்புறையைக் காட்டி இதுதான் கணினி என்று சொல்லலாம். அது நம்பி, எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் அந்தக் கோப்புறைக்குள் அடுக்கிவிடும். அதை அப்படியே பொட்டலமாகக் கட்டி எடுத்துப் போய், ஒவ்வொரு கணினியிலும் பிரித்தால் போதும். பழைய கோப்புகளைத் தேடிப் பொட்டலம் கட்டச் சொன்ன கேள்வியில்தான் அவள் போனாள். இந்தப் பொட்டலத்தை அவளையே கட்டச் சொல்லியிருக்கிறேன். குட்டி எழுத்துகளைப் பார்க்காமல் போடுகிறாளா என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கப்போகிறேன்.

தமிழைக் காட்டுவதற்காக எழுதிய மொழி அமைப்பு வரியை நான் எடுக்கவில்லை. தமிழ்ப் பக்கங்கள் தனிப் பொட்டலமாக என் பென் டிரைவில் அவளுடைய ரிசல்ட்டுக்காகக் காத்திருக்கின்றன. சனிக்கிழமை லேப் அண்ணா சாவியோடு சாப்பிடாமலேயே வந்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். அவர் ஒவ்வொன்றாக அணைத்துப் போட்டுக்கொண்டே வருவார், அவள் பிரித்துக்கொண்டே போவாள், கடைசியில் நான் ‘மேன்’ என்று தட்டிப் பார்ப்பேன். பிறகு சார் மறுபடி உறைய வைக்க வேண்டும். உறைந்த பிறகு ஜன்னலோரத்தில் இருக்கும் ஒரு கணினியை அவர் கண்முன்னாலேயே ஒருமுறை அணைத்துப் போடச் சொல்வேன். பக்கம் அப்போதும் திறந்தால்தான் அங்கிருந்து நகர்வேன்.