நான் தூங்க வைத்த டவர்

போன வாரம் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு இன்ஜினீயரிங் காலேஜில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். ரிட்டயர் ஆன டெலிகாம் ஆசாமி, பத்திரிகையில் வேறு எழுதுகிறான், பிள்ளைகளை அரை மணி நேரம் சிரிக்க வைப்பான் என்று நினைத்திருப்பார்கள். சிரிக்க வைத்தேன். பொன்னாடை, போட்டோ, பட்டர் பிஸ்கட்... எல்லாம் முறைப்படி நடந்தது.

கடைசியில், மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள்.

"சார், கன்ட்ரோலர்ல நாம ஒரு பாலிசி போடுறோம். அது தப்புன்னா நமக்கு எப்படி சார் தெரியும்?"

"கம்ப்ளெயின்ட் வரும்மா" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவள் மட்டும் சிரிக்காமல் உட்கார்ந்துவிட்டாள்.

பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் உறைத்தது, அந்தப் பெண்ணிடம் பொய் சொல்லிவிட்டேன் என்று. இத்தனை வருடமாக என் அசட்டுத்தனங்களை எல்லாம் இந்தப் பக்கத்தில் உங்களிடம் கொட்டியிருக்கிறேன். இது ஒன்றை மட்டும் எழுதியதில்லை. அசட்டுத்தனம் என்று சொல்லித் தப்பிக்க முடியாத விஷயம் இது.

முதலில், பாலிசி என்றால்? இன்ஷூரன்ஸ் இல்லை. ஊர் ஊராக நிற்கிற செல்போன் டவர்களைக் கட்டி மேய்க்கிற கம்ப்யூட்டர் ஒன்று உண்டு. அதுதான் கன்ட்ரோலர். எந்த டவருக்கு எத்தனை சேனல், அதாவது ஒரே நேரத்தில் எத்தனை கால் போகலாம், எது எப்போது எவ்வளவு கரன்ட் இழுக்கலாம் என்றெல்லாம் அதற்கு நாம் எழுதி வைக்கிற விதிதான் பாலிசி. காவிரியில் தண்ணீர் குறைந்தால் ஒவ்வொரு ஆற்றுக்கும் முறை வைத்துத் திறந்துவிடுவார்களே, கிட்டத்தட்ட அதே சமாச்சாரம். முறை வைக்கிறவர் ஆபீஸில் இருப்பார். எந்த வயல் காய்கிறது என்று அவர் பேப்பரில்தான் பார்ப்பார்.

வீட்டுக்கு ஒருவர் குவைத்துக்கோ சிங்கப்பூருக்கோ போய், வீட்டுக்கு ஒரு செல்போன் வந்துவிட்டிருந்த காலம் அது. 108 வண்டி இன்னும் வராத காலம். திருச்சியில் ஒரு மொபைல் கம்பெனியின் கன்ட்ரோல் ரூமில் எனக்கு வேலை. டெல்டா டவர்கள் என் பொறுப்பு. கரன்ட் போனால் டவர்கள் ஜெனரேட்டரில் ஓடும். 'டீசலைக் குறை, டீசலைக் குறை' என்று மேலிடத்தில் ஒரே நச்சரிப்பு.

நான் ஒரு பாலிசி எழுதினேன். கிராமத்து டவரில் இரண்டு ரேடியோ பெட்டிகள் இருக்கும். ஜனங்கள் பேசுகிற நிமிடங்கள் குறைவாக இருந்தால் ஒரு பெட்டியைத் தூங்க வை. நிமிடங்கள் கூடினால் எழுப்பு. அவ்வளவுதான், நாலு வரி. டீசல் செலவு சட்டென்று இறங்கியது. கம்ப்ளெயின்ட்? ஒன்றுகூட இல்லை! மேனேஜர் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

நான் மறந்தது ஒன்றே ஒன்று — மிஸ்டு கால்.

மறக்கக்கூடிய ஆளா நான்? மயிலாடுதுறைக்காரன். பஸ்ஸைவிட்டு இறங்கினால் மனைவிக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்துப் பழகிய கை. அன்றைக்கு டெல்டாவே மிஸ்டு காலில்தான் ஓடியது. ஒன்று கொடுத்தால் நடவுக்கு ஆள் வந்தாச்சு. இரண்டு கொடுத்தால் வண்டியை எடுத்துக்கொண்டு வா. குவைத்துக்கு ஒன்று கொடுத்தால் அவர் திருப்பிக் கூப்பிடுவார். காசும் போகாது, நிமிடமும் ஓடாது. ஆனால் ஒவ்வொரு மிஸ்டு காலுக்கும் டவர் ஒரு சேனலைக் கொடுத்தாக வேண்டும். என் பாலிசியோ நிமிடங்களை மட்டும்தான் எண்ணியது.

நடவுக் காலத்துக் காலையில் ஊரே மிஸ்டு கால் கொடுத்துக்கொண்டிருக்கும். கன்ட்ரோலர், இங்கே யாரும் பேசவில்லை என்று ஒரு பெட்டியைத் தூங்க வைத்திருக்கும். சேனலில் பாதி போய்விடும். கால் உள்ளே போகாததால் பேச்சு நிமிடம் ஏறாது. நிமிடம் ஏறாததால் பெட்டி எழுந்திருக்காது. சரி, கம்ப்ளெயின்ட் கொடுக்கலாம் என்றால்... அதற்கும் அதே டவர் வழியாகத்தானே கூப்பிட வேண்டும்?

கடைசியில் ஒரே ஒரு கம்ப்ளெயின்ட் தபாலில் வந்தது. இன்லாண்ட் லெட்டர். வலங்கைமானிலிருந்து உள்ளே தள்ளி ஒரு ஊர். எழுதியவர் பெயர் ஆரோக்கியமேரி. 'சிக்னல் முழுசாக இருந்தும் கால் போகவில்லை. நேரில் வந்து விசாரிக்கவும்.' போய்ப் பார்த்துவிட்டு வா என்று என்னையே அனுப்பினார்கள்.

அவருக்கு முப்பது வயது இருக்கும். கணவர் அந்தோணிசாமி குவைத்தில் இருந்தார். வீட்டில் இவரும் மாமனார் சவரிமுத்துவும் மட்டும்தான். நான் போனபோது சவரிமுத்து படமாகச் சுவரில் இருந்தார்.

"காலைல பத்து மணி இருக்கும் சார். நெஞ்ச வலிக்குதுன்னு மாமா அப்படியே சாஞ்சிட்டாங்க. வலங்கைமான்ல செல்வம் அண்ணன் வேன் வச்சிருக்காரு. ரெண்டு மிஸ்டு கால் குடுத்தா ஒண்ணும் கேக்காம வந்துருவாரு. குடுத்துக்கிட்டே இருந்தேன். போவல. ஊரு சனம் முழுக்க நடவுல நிக்குது. கடைசில ரோட்டுக்கு ஓடி ஒரு டிராக்டர நிறுத்தி அழைச்சிட்டு வந்தேன். வந்து பாத்தா..."

நான் கிளம்ப எழுந்தேன். அவர் எழுந்து வாசல் பக்கம் வந்து நின்றார்.

"சார், எனக்கு ஒரு உதவி பண்ணணும். மாமாவுக்கும் எனக்கும் ஆறு மாசமா பேச்சு இல்ல. எடம் விக்கிறதுல சண்ட. ஊருக்கே தெரியும். செல்வம் அண்ணன் போனே வரலங்கிறாரு. அவர் மேல தப்பு இல்ல, வரலதான். எங்க கொழுந்தனாரு, 'சிக்னல் ஃபுல்லா இருந்துச்சே'ங்கிறாரு. இவங்க குவைத்லேருந்து ஒரே வார்த்ததான் கேக்குறாங்க, 'நீ போன் பண்ணியா, பண்ணலையா?'ன்னு. உங்க மெஷின்ல பாத்து, நான் பண்ணேன்னு ஒரு லெட்டர் குடுங்க சார். வேற ஒண்ணும் வேணாம்."

"உங்க போன்லயே அந்த நம்பர் நிக்குமேம்மா?"

"கடைசி பத்து நம்பர்தான் சார் நிக்கும். அன்னைக்கு மத்தியானம் சாவு சொல்லவே அம்பது பேருக்கு அடிச்சாச்சு."

"காலைல பண்ணப்ப என்ன ஆச்சு? ஏதாவது குரல் கேட்டுச்சா?"

"ஒண்ணுமே கேக்கல. அழுத்துனா ரெண்டு செகண்டு சும்மா கெடக்கும். அப்பறம் மணி காட்டுற எடத்துக்கே திரும்ப வந்துரும்."

சேனல் கிடைக்காத அந்தக் காலத்து போன் அப்படித்தான் நடந்துகொள்ளும். பொய் சொல்கிறவர்கள் 'பிஸி' என்பார்கள், 'நாட் ரீச்சபிள்' என்பார்கள். அந்த இரண்டு செகண்டைப் பற்றி, அழுத்திப் பார்த்து ஏமாந்தவருக்குத்தான் தெரியும்.

திருச்சிக்கு வந்ததும் பாலிசியைத் தூக்கிவிட்டேன். அந்த டவரின் அன்றைய ரெக்கார்டைத் திறந்தேன். அதில் யார் கூப்பிட்டார்கள் என்று இருக்காது. சேனல் கொடுத்தால்தானே நீ யார் என்று கேட்க முடியும்? எத்தனை பேரைத் திருப்பி அனுப்பினோம் என்ற எண் மட்டும் இருக்கும். பத்து மணிக்கு நேராகப் பெரிய எண் ஒன்று நின்றது. பிரின்ட் எடுத்துக்கொண்டு மேனேஜரிடம் போனேன்.

"பாலிசியத் தூக்கிட்டீங்கல்ல? அப்பறம் என்ன? நார்மல்னு போட்டு லெட்டர் அனுப்புங்க. தப்புன்னு நாமளே எழுதிக் குடுத்தா நாளைக்கு கோர்ட்ல போயி நிக்கணும்."

எனக்கு ப்ரமோஷன் வரவேண்டிய நேரம். மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. 'தாங்கள் குறிப்பிட்ட நாளில் எங்கள் சேவையில் எவ்விதக் குறைபாடும் காணப்படவில்லை' என்று டைப் அடித்து, நானே கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். அந்த வீட்டில் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும்.

ஒரு மாதம் கழித்து இன்னொரு இன்லாண்ட் லெட்டர் வந்தது. 'ஐயா, தாங்கள் அனுப்பிய லெட்டர் கிடைத்தது. எங்கள் கொழுந்தனார் எல்லோர் முன்னாலும் படித்தார். நன்றி.'

வேறு எதுவும் எழுதியிருக்கவில்லை. திட்டியிருந்தால்கூடக் கொஞ்ச நாளில் மறந்திருப்பேனோ என்னவோ. அந்த 'நன்றி' இன்றைக்கும் என்னைப் போட்டு அறுக்கிறது.

ரிட்டயர் ஆன பிறகு ஒருமுறை அந்த ஊருக்குப் போனேன். வீடு பூட்டிக் கிடந்தது. பக்கத்து வீட்டம்மா சொன்னார்: "மேரியா? மாமனாரு செத்து வருசப் பூசைக்கு முன்னாடியே பட்டுக்கோட்டைல அவங்க அம்மா வீட்டுக்கு அனுப்பிட்டாங்க சார். மாமனார் சாவுறத பாத்துக்கிட்டு நின்னவன்னு பேராயிப் போச்சு. அந்தோணி அப்பறம் வந்து கூப்பிடவே இல்ல."

பட்டுக்கோட்டைக்குப் போகவில்லை நான். முட்டி வலி, வெயில் என்று எனக்கு நானே ஏதேதோ சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். பயம்தான், வேறென்ன?

இன்றைக்குக் கன்ட்ரோலரே செகண்டுக்கு செகண்ட் பாலிசியை மாற்றிக்கொள்கிறதாம். காலேஜில் அதைப் படம் போட்டு விளக்கினார்கள், நானும் கை தட்டினேன். எதை எண்ணச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் என்று கேட்கத்தான் எனக்கு வாய் வரவில்லை.

இந்தப் பத்தியில் வழக்கமாகப் பெயர்களை மாற்றித்தான் எழுதுவேன். இன்று ஒரு பெயரையும் மாற்றவில்லை. அந்தோணிசாமி இப்போது எங்கே இருக்கிறார் என்று தெரியாது. வளைகுடாவிலும் இந்தப் பத்திரிகையைப் படிக்கிறார்கள் என்கிறார்கள்.

அந்தோணிசாமி சார், உங்கள் மனைவி அன்று போன் பண்ணினார். போகவிடாதது நான்.