நாலாம் கிழமை விசாரணை

மகளின் முதுகில் ஒரு முள்ளெலும்பு பாதிதான் இருக்கிறது என்று எக்ஸ்ரேயில் தெரிந்த அன்றே, எங்கள் வெள்ளவத்தை ஃபிளாட்டில் வழக்கு நடந்து தீர்ப்பும் வந்துவிட்டது. நீதிபதி மாமி, என் கணவரின் அம்மா. குற்றவாளி நான். கர்ப்பத்தின் ஏழாம் மாதத்தில், கிரகண நேரத்தில், பால்கனியில் நின்று உடுப்புக் காயப்போட்டேனாம்.

"உள்ள வா பிள்ளை எண்டு கத்தினனான். கேட்டாத்தானே!"

லண்டனிலிருந்து மச்சாளும் வீடியோ கோலில் "ஓம் அம்மா, அதுதான்" என்றாள். பட்டம் வாங்கியவள். என்ன படிப்போ!

வாய்க்கு வாய் பதில் சொன்னேனே தவிர, பிள்ளையைக் குளிப்பாட்டும்போது முதுகைத் தடவித் தடவிப் பார்ப்பேன். நான்தானோ என்று பயமாக இருந்தது.

பிறகு ஒரு எலும்பு டொக்டரைச் சனல் பண்ணி, நேரம் பதிந்துகொண்டு போனோம். என் கணவரும் வந்தார், மாமியும் வந்தா. டொக்டர் பொறுமையாகச் சொன்னார். கருவில் முதுகு ஒரேயடியாக உருவாவதில்லை. உயிர்க்கலங்களுக்குள்ளே ஒரு மணிக்கூடு ஓடுகிறது. அதன் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு துண்டு பிரியும். துண்டுகளிலிருந்துதான் எலும்புகள் வரும். அக்கம்பக்கத்துக் கலங்கள் ஒன்றுக்கொன்று சமிக்ஞை அனுப்பி நேரத்தைச் சரிபார்த்துக்கொள்ளும். எங்கேயோ ஒரு சுற்றுப் பிசகினால் எலும்பு பாதியில் நின்றுவிடும். எல்லாம் கரு உண்டாகி நாலாம் கிழமையளவில், ஒரு மாதம்கூட ஆகாத, தாய்க்கே சரியாகத் தெரியாத காலத்தில்.

"ஏன் பிசகினது எண்டு அநேகமாச் சொல்லேலாது. அம்மாவில ஒரு பிழையும் இல்லை. வளர வளரப் பாத்துக்கொள்ளுவம்."

அவர் காலில் விழலாம் போலிருந்தது.

திரும்பும்போது ஆட்டோவில் மாமி மெல்லத் தொடங்கினா.

"அப்ப நாலாம் கிழமைதான் பிழைச்சிருக்கு."

"ஓம் மாமி."

"அந்தக் கிழமை நீ எங்க திரிஞ்சனி? என்னத்தைத் திண்டனி?"

அடக் கடவுளே! கிரகணம் போனதென்று சந்தோஷப்பட்டால், டொக்டர் தந்த விஞ்ஞானத்தையே மாமி என்னை அடிக்கப் பொல்லாக எடுத்துவிட்டா. பக்கத்திலிருந்த கணவர் ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். சொன்னார்.

"நுகேகொடைக்கு ஒருக்காப் போனனாங்கள், என்ன?"

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

"போனனாங்கள்தான். ஆனா மாமி, அந்தக் கிழமை முழுக்க நீங்கள் சமைச்சுத் தந்ததைத்தான் சாப்பிட்டனான்."

மாமி ஆட்டோவுக்கு வெளியே கடைப் பலகைகளை வாசிக்கத் தொடங்கினா. அன்றோடு விசாரணையும் நின்றுபோனது. மாமியின் சமையலுக்கும் அந்த எலும்புக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். அதை மாமியிடம் சொல்லத்தான் இன்றுவரை மனம் வரவில்லை.