போணி ஆகிற வரை

எங்கள் அப்பாவைத் தங்கமான மனுஷர் என்று இன்னமும் யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஸ்ரீரங்கத்தில் பித்தளைப் பாத்திரக் கடை வைத்திருந்தார். வெயிலில் வந்தவர்களுக்கு மோர் கொடுப்பார், அவர்கள் வீட்டுப் பேரப்பிள்ளைகளைப் பற்றியெல்லாம் விசாரிப்பார். வாங்க வந்தவர்களுக்குத் தங்கம்தான். கடையின் பின்கட்டில் குடியிருந்தவள் நான்.

எங்கள் கொல்லை அடுத்த வீட்டுச் சுவரோடு முடிந்துவிடும். தெருவுக்குப் போக வேண்டுமென்றால் கடை வழியாகத்தான் போக வேண்டும். அக்கா பதினேழு வயதில் தாலியறுத்துத் திரும்பி வந்ததும் அப்பா ஒரு சட்டம் போட்டார். காலையில் போணி ஆகிற வரை, அதாவது முதல் வியாபாரம் நடந்து காசு கைக்கு வருகிற வரை, அவள் கடைப்பக்கம் தலைகாட்டக் கூடாது. பெற்ற பெண்ணின் முகம் வியாபாரத்துக்கு ஆகாதாம்! அம்மாவும் அதற்குத் தலையாட்டினாள்.

யுத்தம் வருவதற்கு முன்பு நடந்தது இது. திருச்சியில் ஒரு பயிற்சிப் பள்ளியில் அக்காவை டீச்சர் படிப்புக்கு எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்கள். குறித்த நாளில் பத்து மணிக்குள் வந்து சேராவிட்டால் அந்த இடம் வேறொரு பெண்ணுக்குப் போய்விடும். ஹாஸ்டல், பிறகு வேலை. அந்தப் பின்கட்டிலிருந்து தப்பிக்க அவளுக்கு வேறு வழி கிடையாது. அப்பா மறுக்கவில்லை. "போயிட்டு வரட்டும், போணி ஆனதும்" என்றார்.

அன்று விடிந்ததிலிருந்தே மழை. கடையில் ஈ காக்கை இல்லை. அக்கா புறப்பட்டுத் தயாராகக் கதவுக்குப் பின்னால் நின்றாள். எட்டு மணிக்கு மேல் ஜீயபுரத்து வாழைத்தோட்டக்காரர் ஒருவர் மகளுக்குச் சீர்ப் பாத்திரம் வாங்க வந்தார். எங்களுக்கு உயிர் வந்தது. அவர் குடம், தவலை, சொம்பு என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து எடுத்து வைத்தார்.

"எல்லாத்துலயும் பொண்ணு பேரை வெட்டிக் குடுத்துடுங்க. பணம் அப்புறம் தரேன்" என்றார்.

அப்பா உளியை எடுத்துக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

அம்மா கதவிடுக்கில் நின்று, "ஏங்க, அவளுக்கு நேரமாகுது. முன்பணமா ஏதாவது வாங்கிக்கக் கூடாதா?" என்றாள்.

"கல்யாணச் சாமான். அவசரப்படுத்தினா நல்லாயிருக்காது" என்றார் அப்பா, தலையைத் தூக்காமல்.

யாரோ பெற்ற பெண்ணின் பெயரைக் கொம்பும் சுழியும் பிசகாமல் ஒவ்வொரு பாத்திரத்திலும் வெட்டினார். அந்த டொக் டொக் சத்தம் கேட்கக் கேட்க உளியைப் பிடுங்கி எறியலாம் போலிருந்தது. நான் அக்காவின் கையைப் பிடித்து இழுத்தேன். "வாக்கா, அவர் பாட்டுக்கு வெட்டட்டும். நாம போயிடலாம்." அவள் அசையவில்லை.

பணம் கல்லாவில் விழுந்த பிறகுதான் ஓடினாள். குடைகூட எடுத்துக்கொள்ளவில்லை.

மத்தியானம் தொப்பலாக நனைந்து திரும்பினாள். சற்று முன்புதான் அவள் இடத்தில் வேறொருத்தியைச் சேர்த்துக்கொண்டார்களாம். அம்மாவிடம் அதை மட்டும் சொன்னாள். அப்பா சாப்பிட்ட இலைக்கு முன்னால் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். அவர் காதிலும் அது விழுந்திருக்கும்.

"நீ பொறுத்திருந்ததுக்குப் பாத்தியாம்மா, இன்னிக்கு எப்பேர்ப்பட்ட வியாபாரம்!" என்றார், முகமெல்லாம் சிரிப்பாக.

"சந்தோஷம்ப்பா" என்று சொல்லிவிட்டு அக்கா அவர் இலையை எடுக்கக் குனிந்தாள்.

அவரை நான் வெறுத்தது புதிதல்ல. அந்த 'சந்தோஷம்ப்பா'வுக்காக அன்று அவளையும் சேர்த்து வெறுத்தேன்.